ஸ்பீக்கிங் தேர்வில் சைக்கிளும் குழந்தைப் பருவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில், பேசிக் காட்ட வேண்டிய ஸ்பீக்கிங் தேர்வுக்குத் தயாராகிறவர்களோடு எதிரே உட்கார்ந்து பேசிப் பழக்குவது என் வேலை. படிப்பு, வேலை, வீடு பற்றிக் கேட்டால் எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். 'சின்ன வயதில் சைக்கிள் வைத்திருந்தீர்களா?' என்று கேட்டதும் பலர் நின்றுவிடுகிறார்கள். சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஆனால் அது முழுக்க மனதில் தமிழிலேயே பதிந்திருக்கிறது. அந்த இடத்தில் எழும் சந்தேகங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். படிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தம் எவ்வளவு நேரம்? சைக்கிள் கேள்வி எந்த இடத்தில் வரும்?

மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதிகள். முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம், உங்களைப் பற்றிய எளிய கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஒரு கார்டு தருவார்கள். 1 நிமிடம் யோசித்துக் குறிப்பு எழுதிக்கொள்ளலாம், அப்புறம் 1 முதல் 2 நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும். மூன்றாம் பகுதி மறுபடியும் 4 முதல் 5 நிமிடம், அந்தக் கார்டின் தலைப்பை ஒட்டிய பொதுவான கேள்விகள்.

சைக்கிளும் குழந்தைப் பருவமும் மூன்றிலும் வரலாம். முதல் பகுதியில் 'டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் எ சைல்ட்?' என்று நேரடியாகக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் 'சின்ன வயதில் கற்றுக்கொண்ட ஒன்று', 'மறக்க முடியாத ஒரு பரிசு' என்பதுபோல வரும். மூன்றாம் பகுதியில் 'இன்றைய பிள்ளைகள் வெளியே விளையாடுவது குறைந்துவிட்டதா', 'நகரங்களில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டுமா' என்று கேள்வி உங்களைவிட்டு ஊருக்குத் தாவும்.

இவ்வளவு சின்னக் கேள்வியில் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: தடங்கலில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. சைக்கிளைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. உங்கள் குழந்தைப் பருவம் சந்தோஷமாக இருந்ததா என்பதற்கும் கிடையாது.

ஆனால் கேள்வி சின்னது என்று நினைக்காதீர்கள். 'அப்போது சைக்கிள் இருந்ததா, பள்ளிக்கு அதில் போனீர்களா, இப்போதும் ஓட்டுகிறீர்களா' என்ற மூன்றே கேள்விகளில் முடிந்துபோன செயல், பழக்கமாகச் செய்த செயல், இன்றைய நிலை மூன்றையும் நீங்கள் பேசியாக வேண்டும். இலக்கணம் எங்கே ஆட்டம் காண்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

'டூ யூ ரைடு எ பைக்?' என்று கேட்டார்கள். நான் என் மோட்டார் பைக்கைப் பற்றிப் பேசிவிட்டேன். தப்பா?

இது நம்மவர்களுக்கென்றே அமைந்த குழப்பம். தமிழில் பேசும்போது பைக் என்றால் மோட்டார் வண்டி, மிதிப்பது சைக்கிள். ஆங்கிலத்தில் பைக் என்றால் பெரும்பாலும் மிதிவண்டிதான். மோட்டார் வண்டியையும் அப்படிச் சொல்வதுண்டு என்பதால் உங்கள் பதில் ஒரேயடியாகத் தவறாகிவிடாது. ஆனால் அடுத்த கேள்வி 'எட்டு வயதில் அதில் பள்ளிக்குப் போனீர்களா?' என்று வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பேச்சில் குழந்தைப் பருவம் வந்துவிட்டால் அது சைக்கிள்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் 'டூ யூ மீன் எ பைசிக்கிள் ஆர் எ மோட்டர்பைக்?' என்று கேட்டுவிடலாம். சாதாரண உரையாடலில் யாரும் கேட்கும் கேள்விதான் அது.

கூடவே இரண்டு விஷயங்கள். வண்டியைக் குறிக்க 'சைக்கிள்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை, 'பைக்' அல்லது 'பைசிக்கிள்' என்பார்கள். வினைச்சொல்லாக அது நன்றாகவே பொருந்தும்: 'ஐ சைக்கிள்ட் டு ஸ்கூல்'. அப்புறம், சைக்கிளை 'டிரைவ்' பண்ண முடியாது. கார், பஸ்ஸுக்கு டிரைவ், சைக்கிளுக்கும் குதிரைக்கும் ரைடு. தமிழில் எல்லாவற்றுக்கும் 'ஓட்டுவது' என்று ஒரே சொல் இருப்பதால் இந்தத் தவறு சுலபமாக வந்துவிடுகிறது.

ஒரு கேள்விக்கு எத்தனை வாக்கியம் சொல்ல வேண்டும்?

முதல் பகுதியில் இரண்டு அல்லது மூன்று போதும். முதல் வாக்கியம் கேள்விக்கு நேரடிப் பதில். இரண்டாவதில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரம். 'யெஸ், ஐ டிட். இட் வாஸ் எ ரெட் ஒன் தட் யூஸ்ட் டு பிலாங் டு மை கசின், அண்ட் த பெல் நெவர் வொர்க்ட்.' அவ்வளவுதான். அடிக்காத அந்த மணி ஒன்று போதும், பதிலுக்கு உயிர் வந்துவிடுகிறது.

'யெஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் ஆங்கிலத்தைக் கேட்க, எதிரே இருந்து கேள்வி கேட்கும் எக்ஸாமினருக்கு வழியே இல்லை. சைக்கிள் வாங்கிய கதை முழுவதையும் ஒன்றரை நிமிடம் சொன்னால் நடுவில் நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். நீண்ட கதைக்கு இரண்டாம் பகுதி இருக்கிறது.

எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது. எனக்கு ஓட்டவும் தெரியாது. என்ன சொல்வது?

அதையே சொல்லுங்கள். 'நோ, ஐ நெவர் லேர்ன்ட்' என்று தொடங்கி ஏன் என்று ஒரு வாக்கியம். வீட்டைச் சுற்றி வண்டிகள் நிறைந்த சாலையாக இருந்திருக்கலாம். ஒருமுறை விழுந்ததில் பயம் பிடித்திருக்கலாம். வாங்கித்தர வசதி இல்லாமல் இருந்திருக்கலாம். எதுவும் சொல்லக்கூடாத காரணம் இல்லை. பிறகு, மற்ற பிள்ளைகள் ஓட்டும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். பின்னால் ஓடினீர்களா, கேரியரில் உட்கார்ந்து போனீர்களா? 'பட் ஐ ஆஃபன் சாட் ஆன் த பேக் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் பைக்' என்பது அருமையான இரண்டாம் வாக்கியம்.

'இல்லை' என்ற பதிலால் மதிப்பெண் குறையும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. குறையாது. உண்மையான 'இல்லை'யைச் சொல்கிறவர்கள் தயக்கமில்லாமல் பேசுவதையும், கற்பனையான 'ஆமாம்' சொல்கிறவர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே திணறுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் பொய் சொல்லவே கூடாதா?

உண்மையா என்று யாரும் சரிபார்க்கப் போவதில்லை. விதியும் தடுக்கவில்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொய் சொல்லும்போது மூளைக்கு இரண்டு வேலை: கதையையும் கண்டுபிடிக்க வேண்டும், ஆங்கிலத்தையும் தேட வேண்டும். நடந்ததைச் சொல்லும்போது கதை ஏற்கெனவே கையில் இருக்கிறது. சின்ன மாற்றங்கள் செய்துகொள்ளலாம். சைக்கிளின் நிறம் நினைவில்லையா, நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுத்தவர் சித்தப்பாவா மாமாவா என்று விளக்கிக்கொண்டிருக்காமல் 'மை அங்கிள்' என்று போய்விடலாம்.

'சின்ன வயசுல' என்பதற்கு 'இன் மை ஸ்மால் ஏஜ்' என்று சொல்வேன். தப்பு என்கிறார்களே?

தப்புதான். அது தமிழ் வாக்கியத்துக்குப் போட்ட ஆங்கில உடை. 'வென் ஐ வாஸ் லிட்டில்', 'அஸ் எ சைல்ட்', 'வென் ஐ வாஸ் அபௌட் எய்ட்' ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பழகுங்கள். எந்த வகுப்பில் படித்தீர்கள் என்பதைவிட எத்தனை வயது என்று சொல்வது எளிது. கேட்பவருக்கும் உடனே புரியும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் சில உண்டு. 'அப்பாதான் கற்றுக்கொடுத்தார்' என்பதை 'மை ஃபாதர் ஒன்லி டாட் மி' என்கிறோம். நம்முடைய 'தான்' ஆங்கிலத்தில் 'ஒன்லி' ஆகாது. 'இட் வாஸ் மை ஃபாதர் ஹூ டாட் மி' என்று சொல்லுங்கள், அழுத்தம் சரியான இடத்தில் விழும், இலக்கணத்திலும் ஒரு படி மேலே தெரியும். 'மெதுவா மெதுவா' என்பது 'ஸ்லோலி ஸ்லோலி' ஆகாது, 'லிட்டில் பை லிட்டில்'. 'பயம் வந்துச்சு' என்பது 'ஃபியர் கேம்' ஆகாது, 'ஐ வாஸ் ஸ்கேர்ட்'. 'கசின் பிரதர்' வேண்டாம், 'கசின்' போதும்.

பழைய பழக்கத்தைச் சொல்லும்போது 'ஐ வில் கோ' என்று வாயில் வந்துவிடுகிறது. ஏன்?

இதை முழுதாகப் புரிந்துகொள்வது நல்லது. குழந்தைப் பருவக் கேள்விகளில் நம்மவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான், ஆனால் காரணத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. 'அப்போ தினமும் சைக்கிள்ல போவேன், வழியில நண்பனைக் கூப்பிட்டுக்குவேன்' என்று தமிழில் சொல்கிறோம். 'போவேன்' என்பது எதிர்கால வடிவம். ஆனால் பழைய பழக்கத்தைச் சொல்லவும் தமிழ் அதையே பயன்படுத்துகிறது. அதை அப்படியே மாற்றும்போது 'ஐ வில் கோ' வந்துவிடுகிறது. கேட்பவருக்கோ நீங்கள் நாளைக்குப் போகப்போவதுபோலப் புரியும்.

சரி, தீர்வு? அந்தப் 'போவேன்' வரும் இடத்தில் 'வுட்' போடுங்கள். 'எவ்ரி மார்னிங் ஐ வுட் ரைடு டு ஸ்கூல், அண்ட் ஐ வுட் பிக் அப் மை ஃபிரெண்ட் ஆன் த வே.' தமிழின் 'போவேன்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'வுட்' செய்கிறது. முதல் வாக்கியத்தில் 'யூஸ்ட் டு' சொல்லிவிட்டு அடுத்தடுத்த வாக்கியங்களில் 'வுட்' போட்டால் இன்னும் இயல்பாக இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் 'வுட்'. ஒரு நிலையைச் சொல்ல அது உதவாது. 'சைக்கிள் வைத்திருந்தேன்' என்பதற்கு 'ஐ வுட் ஹேவ் எ பைக்' என்றால் பொருளே மாறிவிடும். அங்கே 'ஐ யூஸ்ட் டு ஹேவ்' அல்லது வெறும் 'ஐ ஹேட்'. ஒரே ஒருமுறை நடந்ததற்கு இரண்டுமே கூடாது. 'ஒருநாள் விழுந்தேன்' என்பது 'ஒன் டே ஐ ஃபெல் ஆஃப்', அவ்வளவுதான்.

விழுந்தது, செயின் கழன்றது, காற்றடித்தது இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அகராதியில் தேடினால் வித்தியாசமாக வருகிறது.

சைக்கிளிலிருந்து விழுவது 'ஃபால் ஆஃப்'. 'ஃபால் டவுன் ஃப்ரம் த சைக்கிள்' என்று நீட்ட வேண்டாம். செயின் கழன்றது 'த செயின் கேம் ஆஃப்'. காற்றடிப்பது 'பம்ப் அப் த டயர்'. பஞ்சரானது 'ஐ காட் எ ஃபிளாட் டயர்' அல்லது 'ஐ ஹேட் எ பங்ச்சர்'. முட்டி சிராய்த்தது 'ஐ ஸ்க்ரேப்ட் மை நீ'. தடுமாறி ஆடி ஆடிப் போனது 'ஐ வாஸ் வாப்ளிங்'. பிடிபட்டது, கைவந்தது என்பதற்கு 'ஐ காட் த ஹேங் ஆஃப் இட்'. நாம் ஸ்டாண்டு என்பதை 'கிக்ஸ்டாண்ட்' என்றும், கேரியரை 'ரேக்' என்றும் சொல்வார்கள். சீட்டுக்கு 'சேடில்' என்றும் ஒரு சொல் உண்டு, 'சீட்' என்றாலும் குறையில்லை. அண்ணன், அக்கா ஓட்டியது நமக்கு வந்தால் 'எ ஹேண்ட்-மி-டவுன்', கடையில் பழையதாக வாங்கியது 'செகண்ட்-ஹேண்ட்'.

குரங்குப் பெடலுக்கு என்ன சொல்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கேட்கும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒற்றை ஆங்கிலச் சொல் இல்லை. 'மங்கி பெடல்' என்றால் யாருக்கும் விளங்காது. செய்ததை அப்படியே விவரியுங்கள்: 'த பைக் வாஸ் டூ பிக் ஃபார் மி, ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம் அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப்.' சொல் தெரியாத இடத்தை விளக்கிச் சொல்லித் தாண்டுவது சொல்வளத்தில் ஒரு திறமையாகவே கணக்கிடப்படுகிறது. கேட்கிறவருக்கு மனதில் படமும் வந்துவிடும்.

கார்டு கொடுத்து 1 நிமிடம் தருகிறார்களே, அதில் என்ன எழுதுவது? தமிழில் எழுதலாமா?

எழுதலாம். குறிப்புத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் முழு வாக்கியம் எழுதாதீர்கள், முதல் இரண்டு வரியிலேயே நேரம் போய்விடும். என் யோசனை இது: காட்சிகளைத் தமிழில் ஒவ்வொரு சொல்லாக எழுதுங்கள், வாயில் சிக்கக்கூடிய வினைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'மைதானம், அக்கா, சுவர், ரத்தம், சிரிப்பு' என்று ஐந்து தமிழ்ச் சொற்கள். பக்கத்தில் 'ஃபெல், டாட், ரோடு, ஹெல்டு' என்று நான்கு ஆங்கில வினைகள். பேசும்போது இடமிருந்து வலமாகக் கண் போனால் போதும்.

கார்டில் 'சின்ன வயதில் கற்றுக்கொண்ட ஒன்று' என்று வந்து, என்ன கற்றீர்கள், யார் உதவினார், எப்படிக் கற்றீர்கள், எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தைப் பருவம் முழுவதையும் சொல்ல முயல வேண்டாம். ஒரே ஒரு பிற்பகலை எடுங்கள். முதலில் அந்த சைக்கிள்: யாருடையது, எவ்வளவு உயரம், எது உடைந்திருந்தது. அடுத்து இடம். பிறகு உடன் இருந்தவர், அவர் சொன்ன ஒரு வார்த்தை. அப்புறம் என்ன தவறாகப் போனது. இதில் நிதானமாக நில்லுங்கள், பேச்சு வளர்வது இங்கேதான். கடைசியில் எப்போது பிடிபட்டது.

'பின்னால் பிடித்துக்கொண்டு வந்த அப்பா கையை விட்டதே எனக்குத் தெரியவில்லை' என்பது ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் கதை. உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அத்தோடு நிற்காமல் அதற்கடுத்த பத்து வினாடியில் நடந்ததைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தீர்களா? பிரேக் எங்கே என்று மறந்துபோனதா? யார்மீது போய் மோதினீர்கள்? அந்தப் பத்து வினாடி ஒவ்வொருவருக்கும் வேறு.

2 நிமிடத்துக்குள் விஷயம் தீர்ந்துவிட்டால்? இல்லை, முடிக்கும் முன்பே நிறுத்திவிட்டால்?

நிறுத்தினால் கவலையே வேண்டாம். 2 நிமிடம் ஆனதும் நிறுத்துவது அவர்கள் வேலை, நீங்கள் நிறையப் பேசினீர்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

தீர்ந்துவிடுவதுதான் சிக்கல். அப்போது புதுக் கதைக்குத் தாவாதீர்கள். அதே காட்சிக்குள் திரும்பிப் போய் கண்ணையும் காதையும் கேளுங்கள்: என்ன சத்தம் கேட்டது, தரை எப்படி இருந்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்லது இன்றைக்கு வாருங்கள்: 'ஐ ஹேவன்ட் ரிடன் எ பைக் ஃபார் இயர்ஸ், பட் ஐ திங்க் ஐ குட் ஸ்டில் டூ இட்.' இதில் காலமும் மாறுகிறது, இன்னும் 15 வினாடியும் கிடைக்கிறது.

நல்ல பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா? ஒருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

வேண்டாம். மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்க எக்ஸாமினர்களுக்குப் பயிற்சி உண்டு. பயிற்சி இல்லாதவருக்கே அது தெரிந்துவிடும். குரல் ஒரே சீராக ஓடும், கண் மேலே போகும், அடுத்த கேள்வி வந்ததும் ஆங்கிலமே வேறொருவருடையதுபோல மாறும். எழுதிக்கொடுத்த சைக்கிள் உங்கள் சைக்கிளும் இல்லை.

சொற்களைத் தயார்செய்வது வேறு. மேலே 'விழுந்தது, கழன்றது' பதிலில் தந்த சொற்களில் உங்கள் கதைக்கு வேண்டிய பத்தை மட்டும் எடுத்து, அதே கதையை ஐந்து நாள் ஐந்து விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒருநாள் விழுந்த இடத்திலிருந்து தொடங்குங்கள், இன்னொரு நாள் சைக்கிள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. போனில் பதிவுசெய்து கேளுங்கள். வார்த்தை மாறிக்கொண்டே இருக்க வேண்டும், கதை மட்டும் அப்படியே இருக்க வேண்டும்.

உச்சரிப்பில் எந்தெந்தச் சொற்கள் காலை வாரும்?

இந்தத் தலைப்பில் முக்கியமானது 'பைசிக்கிள்'. நாம் தனியாக 'சைக்கிள்' சொல்லிப் பழகியதால் 'பை-சைக்கிள்' என்று வந்துவிடும். அழுத்தம் முதல் அசையில், நடுவில் 'சி': 'பை-சி-க்கிள்'. 'மோட்டர்சைக்கிள்' என்பதில் மட்டும் 'சை' அப்படியே நிற்கும். 'சைல்ட்' என்பதில் 'சை', ஆனால் பலரானால் 'சில்ட்ரன்', அங்கே 'சி'. 'ரைடு' என்பதன் மூன்றாம் வடிவம் 'ரிடன்', 'ரைடன்' என்று ஒன்று இல்லை. 'வெஹிக்கிள்' என்று ஹகரத்தை அழுத்துகிறோம், 'வீ-இக்கிள்' என்பதே வழக்கம்.

'ஃபெல்' என்பது 'பெல்' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஐ பெல் ஆப்' என்றால் மணி விழுந்ததா ஆள் விழுந்தாரா என்று கேட்பவர் குழம்புவார். மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வர வேண்டும். மற்றபடி தமிழ் வாடை வீசுகிறதே என்று வருந்த வேண்டாம். உங்கள் ஊர் ஒலி இருப்பதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை, புரிவதற்குத் தடையாக இருந்தால்தான் குறையும்.

பேசும்போதே தப்பு தெரிந்துவிட்டால் திருத்தலாமா? கேள்வி புரியாவிட்டால்?

திருத்தலாம். 'ஐ ரைடு, ஸாரி, ஐ ரோடு இட் எவ்ரி டே' என்று ஒரே மூச்சில் திருத்திவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் திருத்திக்கொண்டிருந்தால் கோர்வை போய்விடும். பொருள் மாறுகிற தவறை மட்டும் திருத்துங்கள். கேள்வி காதில் விழாவிட்டால் 'குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?' என்று உடனே கேளுங்கள், குத்துமதிப்பாகப் பதில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

என் குழந்தைப் பருவம் சந்தோஷமாக இல்லை. 'டிட் யூ என்ஜாய் யுவர் சைல்ட்ஹுட்?' என்று கேட்டால் மனது கனத்துவிடுகிறது.

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள், பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு. உங்கள் துயரத்தை அந்த அறையில் திறந்து காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எதிரே இருப்பவர் பட்டியலில் உள்ள கேள்வியைக் கேட்கிறார். உங்கள் வாழ்க்கையை அறிய அவருக்கு வேறு நோக்கம் கிடையாது.

'இட் வாஸ் எ மிக்ஸ்ட் டைம், பட் தேர் வேர் சம் குட் மோமென்ட்ஸ்' என்று சொல்லி, வலிக்காத ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மரம், பக்கத்து வீட்டு நாய், இரவல் வாங்கி ஓட்டிய ஒரு சைக்கிள். எதுவுமே வேண்டாம் என்றால் 'ஐட் ராதர் நாட் டாக் அபௌட் இட் இன் டீடெயில்' என்பதும் நல்ல ஆங்கிலம்தான். அதற்குப் பின் பள்ளியையோ ஒரு நண்பரையோ பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். தேர்வுக்கு முன்பே உங்கள் பொருள் எது என்று முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போய் நினைவுகளைக் கிளறித் தேட வேண்டியிருக்காது.

மூன்றாம் பகுதியில் என் கதையைச் சொன்னால் 'பொதுவாகச் சொல்லுங்கள்' என்கிறார்கள். எப்படி மாறுவது?

'நான்' என்பதிலிருந்து 'பிள்ளைகள்', 'பெற்றோர்', 'நகரங்கள்' என்று எழுவாயை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. 'முன்பைவிட இப்போது பிள்ளைகளுக்குச் சுதந்திரம் குறைவா?' என்று கேட்டால் 'ஐ யூஸ்ட் டு...' என்று தொடங்காமல் 'சில்ட்ரன் டுடே டெண்ட் டு ஸ்பெண்ட் மோர் டைம் இண்டோர்ஸ்' என்று தொடங்குங்கள். பிறகு காரணம்: சாலைகளில் வண்டி பெருகிவிட்டது, பெற்றோர் பயப்படுகிறார்கள், கையில் போன் இருக்கிறது. பிறகு மறுபக்கம்: அன்று கிடைக்காத எத்தனையோ விஷயங்கள் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. 'ஆல் சில்ட்ரன்', 'ஆல்வேஸ்' என்று அடித்துச் சொல்வதைவிட 'டெண்ட் டு', 'ஆர் லெஸ் லைக்லி டு' என்று தளர்த்திச் சொல்வது இந்தப் பகுதிக்குப் பொருந்தும். உங்கள் கதை உதாரணமாக ஒரு வாக்கியம் வரலாம், கடைசியில்.

அதற்காக சைக்கிள் பற்றிப் பொது அறிவு படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டாவது பதிலில் சொன்னதுபோலத் தகவலுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் கையில் ஒரு நல்ல உதாரணம் இருந்தால் வாய் தானாகப் பேசும். நான் பரிந்துரைப்பது நெதர்லாந்து, ஏனென்றால் அங்கே சைக்கிளும் குழந்தைகளும் ஒரே கதையில் வருகிறார்கள். 1971ல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதன்பின் படிப்படியாகச் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் போடப்பட்டன. இன்று அங்கே மக்கள்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம்.

'தனிப் பாதை வேண்டுமா?' என்ற கேள்விக்கு இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லலாம். ஆண்டும் எண்ணும் நினைவுக்கு வராவிட்டால் விட்டுவிடுங்கள், 'இன் த நைன்டீன் செவன்டீஸ்' என்றால் போதும். 1817ல் கார்ல் வான் டிரைஸ் பெடல் இல்லாத இருசக்கர வண்டியைச் செய்தார் என்பதுபோன்ற செய்திகள் சுவையானவை, ஆனால் கேட்காத கேள்விக்கான பதில்கள்.

ஒரே சைக்கிள் கதையைப் பல கார்டுகளுக்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், நானே அதை ஊக்குவிக்கிறேன். ஆனால் கதையைத் திருப்பிப் பிடிக்கத் தெரிய வேண்டும். 'உங்களுக்கு உதவிய ஒருவர்' என்ற கார்டுக்கு, சைக்கிள் கற்றுக்கொடுத்த அக்கா முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். அவர் குணம், அவர் பேசும் விதம், அவர் ஏன் மெனக்கெட்டார் என்பவைதான் விஷயம், சைக்கிள் வெறும் பின்னணி. 'ஒரு பரிசு' என்றால் சைக்கிள் வீட்டுக்கு வந்த நாள்தான் மையம், கற்றுக்கொண்டது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். 'நீங்கள் உடைத்த ஒரு பொருள்' என்றால் சுவரில் மோதிய நாள். தலைப்பைக் காதில் வாங்காமல் பழகிய வரிசையிலேயே சொன்னால், மனப்பாடம் பற்றிய பதிலில் சொன்ன அதே வலையில் விழுவீர்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி. ஐந்து கார்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றை எடுத்ததும் உங்கள் கதையின் எந்த நிமிடம் அதற்குப் பொருந்தும் என்று 20 வினாடிக்குள் முடிவெடுங்கள். எதுவுமே பொருந்தாத கார்டும் வரும். அப்போது சைக்கிளை விட்டுவிட்டு வேறு நினைவுக்குப் போங்கள், இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டாம்.

கதை முடிந்ததும் 'டூ யூ ஸ்டில் ரைடு?' என்று ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் நீளமாகப் பேச வேண்டுமா?

வேண்டாம். இரண்டாம் பகுதியின் முடிவில் அப்படி ஒன்றிரண்டு சின்னக் கேள்விகள் வருவது வழக்கம். ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. 'நாட் ரியலி, பட் மை டாட்டர் இஸ் லேர்னிங் நவ், ஸோ ஐ ரன் பிஹைண்ட் ஹெர்.' அவர் தாளைத் திருப்பி மூன்றாம் பகுதிக்குப் போய்விடுவார்.